தீசிஸ்: ஆய்வேடும் கோளும்

பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவரிடம் ‘தீசிஸ் முடிந்ததா?’ என்று கேட்பவர் மனத்தில் இருப்பது ஒரு நூல். தடித்த அட்டை கட்டி, முகப்பில் பொன்னிற எழுத்துகளில் தலைப்பும் மாணவர் பெயரும் பொறித்து, நெறியாளரின் சான்றிதழோடு பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப்படும் நூல் அது. இந்தப் பொருளுக்கு ‘ஆய்வேடு’ என்ற தமிழ்ச்சொல் நன்கு வேரூன்றிவிட்டது. ஆனால் தீசிஸ் என்ற சொல்லுக்கு இதைவிட மூத்த பொருள் ஒன்று உண்டு. ஒருவர் தம்முடையது என்று முன்வைத்து, சான்று காட்டி, மறுப்பவர்முன் நின்று நிலைநாட்டும் கூற்றே அந்த மூத்த பொருள். ‘உன் ஆய்வின் தீசிஸ் என்ன?’ என்று தேர்வாளர் கேட்கும்போது அவர் நூலைக் கேட்கவில்லை, அந்தக் கூற்றைக் கேட்கிறார். இவ்விரண்டையும் ஆய்வேடு என்ற ஒரே சொல்லால் தமிழாக்கும்போது இரண்டாவது பொருள் கைநழுவிப் போகிறது.

இது கிரேக்கச் சொல். ‘வைத்தல், இடுதல், நிறுத்தல்’ எனப் பொருள்படும் ‘தித்தேமி’ என்ற வினையிலிருந்து பிறந்த ‘தெசிஸ்’, ‘வைப்பு’ என்ற எளிய பொருளையே முதலில் தந்தது. கிரேக்க யாப்பில் அடியெடுத்து ஆடும்போது கால் தரையில் படும் இடத்திற்கும் இதே பெயர்தான். முன்னொட்டுகள் சேர்ந்து இதற்குப் பெரிய குடும்பமே உருவாயிற்று. கருதுகோளைக் குறிக்கும் ‘ஐப்பாத்தெசிஸ்’ என்பது வாதத்தின் அடியில் வைக்கப்பட்டது. ‘சிந்தெசிஸ்’ என்பது சேர்த்து வைக்கப்பட்டது. ஒளிச்சேர்க்கை என்ற பாடநூற் சொல்லில் வரும் ‘சேர்க்கை’ அதன் நேர்ப் பொருளே. மேலும், இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவான இதன் மூலம் வடமொழியில் ‘தா’ என்னும் வினையடியாக நின்று, நிதி, சந்தி, சமாதி முதலிய சொற்களைத் தந்துள்ளது. நிதி என்பது உள்ளே வைக்கப்பட்டது. சந்தி என்பது சேர்த்து வைக்கப்பட்டது. இலங்கையில் முனைவரைக் ‘கலாநிதி’ என்பார்கள். ஆய்வேட்டின் பெயரும் அதை எழுதியவர் பெறும் பட்டத்தின் ஈற்றுச்சொல்லும் தொலைதூர உறவினர் என்பது இச்சொல்லாராய்ச்சியில் கிடைக்கும் மகிழ்ச்சிகளில் ஒன்று.

‘வைப்பு’ என்ற சொல் எப்படிக் ‘கூற்று’ ஆயிற்று? அரிஸ்டாட்டில் தம் தருக்க நூல்களுள் ஒன்றில், பெயர்பெற்ற அறிஞர் ஒருவர் பொதுக்கருத்துக்கு மாறாகக் கொண்ட கொள்கையைத் தெசிஸ் என்கிறார். எல்லாப் பொருள்களும் இடையறாது இயங்கிக்கொண்டிருக்கின்றன என்ற எராக்ளிட்டசின் கூற்று அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. எவரும் மறுக்காத செய்திக்கு இங்கே இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டு, மாணவர் சில கூற்றுகளை அவைமுன் வைத்து வாதாடிக் காப்பதைப் பட்டத்திற்கான தேர்வாக்கின. 1517இல் மார்ட்டின் லூத்தர் விட்டன்பர்க்கில் வெளியிட்ட 95 கூற்றுகளும் அத்தகைய வாதத்திற்கென எழுதப்பட்டவையே. ஒவ்வொன்றும் ஒரு வரி, இரண்டு வரி அளவினது.

வாதமே முதன்மையாகவும் எழுத்து அதற்குத் துணையாகவும் இருந்த காலம் நெடிது. சுவீடனில் 18ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் லின்னேயசிடம் பயின்ற மாணவர்கள் 180க்கு மேற்பட்ட ஆய்வேடுகளை அவைமுன் காத்து வாதாடினார்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றின் கருத்தும் பல இடங்களில் எழுத்தும் லின்னேயசுடையவை. இன்றைய விதிகளின்படி இது பெருங்குற்றம். அன்று மாணவரிடம் எதிர்பார்க்கப்பட்டதோ எழுதும் திறன் அன்று, மறுப்புக்கு விடைசொல்லும் திறன். 1810இல் தொடங்கப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகத்தின் வழியே, மாணவர் தாமே புதிய அறிவை ஆக்கவேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. அக்கொள்கையோடு கூடிய முனைவர் பட்டத்தை அமெரிக்காவில் யேல் 1861இலும், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு 1917இலும் ஏற்றன. சீனிவாச இராமானுசன் 1916இல் கேம்பிரிட்ஜில் பெற்றது, மிகுபகு எண்களை (தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுஎண்கள் உடையவற்றை) பற்றிய ஆய்வுக்காக வழங்கப்பட்ட இளங்கலைப் பட்டம். அவர் பெற்றிருக்கக்கூடிய முனைவர் பட்டம் என்ற ஒன்று அப்போது அங்கே இல்லை.

இவ்வாறு எழுத்து முன்னுக்கு வந்தபோது, கூற்றின் பெயர் அதைச் சுமந்த நூலுக்கும் ஆகிவந்தது. இலக்கணத்தில் ஆகுபெயர் என்கிறோமே, அதுதான் இது. விரித்து உரைத்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த ‘டிசர்ட்டேசன்’ என்ற சொல் இதன் பக்கத்தில் நிற்கிறது. அமெரிக்காவில் முதுகலைக்கு எழுதுவது தீசிஸ், முனைவர் பட்டத்திற்கு எழுதுவது டிசர்ட்டேசன். பிரித்தானியாவில் பெரும்பாலும் இது தலைகீழ்.

தமிழுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்காக முதன்முதலில் முனைவர் பட்டம் பெற்றவர் மு. வரதராசனார், ஆண்டு 1948. சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அந்த ஆய்வேடு எழுதப்பட்டது ஆங்கிலத்தில். தனிநாயக அடிகள், கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் முனைவர் பட்ட ஆய்வுகளும் அவ்வாறே. ஆய்வின் மொழி ஆங்கிலமாக இருந்ததால் அதைச் சுற்றிய கலைச்சொற்களும் ஆங்கிலமாகவே பேச்சில் நிலைத்தன. பின்னர்த் தமிழிலேயே ஆய்வு எழுதும் வழக்கம் பரவியபோது ஆய்வேடு, நெறியாளர், வாய்மொழித் தேர்வு, ஆய்வியல் நிறைஞர், முனைவர் ஆகிய சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிலைபெற்றன. இவற்றுள் முனைவர் என்பது தேர்ந்தெடுத்த சொல். ‘வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதனூ லாகும்’ என்பது தொல்காப்பிய மரபியல். முதல்நூல் கண்டவனே முனைவன் என்ற இந்த வரையறை, புதிய அறிவு தந்தவருக்கே பட்டம் என்ற பெர்லின் கொள்கையோடு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

ஆய்வேடு என்பதில் ‘ஏடு’ பனையோலையை நினைவூட்டும் பழஞ்சொல். அதில் விளக்கவேண்டியது அதிகமில்லை. ‘ஆய்’ என்பதுதான் ஆழமானது. ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். உள்ளது நுணுகுவதே ஆய்தல். இச்சொல் இன்றும் உயிரோடு இருப்பது அடுக்களையில். முருங்கைக்கீரை ஆய்பவர் கொத்தை ஒரு கையில் பிடித்து, மறுகை விரல்களால் காம்போரமாக உருவி, பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் ஒதுக்கி, இலையோடு வந்த ஈர்க்கைத் தனியே கிள்ளி எறிகிறார். கொள்வதும் தள்ளுவதும் ஒரே செயலில் நடக்கின்றன. ‘ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான் கேண்மை’ என்று வள்ளுவர் நட்பாராய்தலில் சொல்வதும் இதே தெரிவைத்தான். தரவுகளைத் திரட்டிக் குவிப்பது மட்டும் ஆய்வு ஆகாது என்பதைச் சொல்லே கூறிவிடுகிறது. வேதியியல் ஆய்வகத்தில் ஐயத்திற்கிடமான அளவீட்டை மீண்டும் எடுத்துப் பார்ப்பவரும், சுவடியில் பாடவேறுபாட்டை ஒப்பிட்டு ஒன்றைக் கொள்பவரும் செய்வது ஆய்தலே. ஆகவே நூலின் பெயராக ஆய்வேடு மிகச் சிறந்த சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் ஆய்ந்து முடித்தபின் நிலைநாட்டப்படும் கூற்றுக்குப் பெயர் என்ன? தமிழில் அதற்குச் சொல் இல்லை என்று எண்ணிச் சிலர் ‘ஆய்வேட்டுக் கூற்று’ என்றும் ‘மையக்கருத்து’ என்றும் எழுதுகிறார்கள். மையக்கருத்து என்பது கதைக்கும் உண்டு, விளம்பரத்துக்கும் உண்டு; நிலைநாட்டும் கடமை அதில் இல்லை. உண்மையில் தமிழ்த் தருக்க மரபு இந்த இடத்தில் வறியதன்று. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் அளவை முறையில், நிறுவவேண்டிய கூற்றாகிய ‘பக்கம்’ முதலில் வருகிறது. இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், புகையுடைமையால் என்பது ஏது (காரணம்), அடுக்களை போல என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று பகுத்ததும் இச்சொல்லைக் கொண்டே: உலகாயதம் தொடங்கிப் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுப்பது பரபக்கம், தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். இன்றைய ஆய்வேட்டில் முன்னாய்வுகளை மதிப்பிடும் இயலும் அதற்குப் பின்வரும் இயல்களும் இதே வரிசையில்தான் அமைகின்றன.

இன்னும் நெருங்கிய சொல் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் இருக்கிறது. அதன் 12 நூற்பாக்களும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற முறையில் விரிக்கப்படுகின்றன. உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பினது என்பது போன்ற நிறுவவேண்டிய கூற்றே அங்கே மேற்கோள். அதாவது மேற்கோள் என்பதே தீசிஸ். காலப்போக்கில் இச்சொல் பிறர் நூலிலிருந்து எடுத்தாளும் வரியைக் குறிக்கலாயிற்று. இன்று அப்பொருளை மாற்ற முயல்வது குழப்பத்தையே தரும். ஆனால் அதன் உள்ளிருக்கும் ‘கோள்’ நம்மிடம் இன்னும் இருக்கிறது. கொள்ளப்பட்டது கோள். கோட்பாடு, குறிக்கோள், கருதுகோள் எல்லாம் அதன் வழிவந்தவை. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள், அதாவது நூலாசிரியர் மேற்கொள்ளும் கொள்கை நிலைகளுள், ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே’ என்பதில் கோள் அப்படியே நிற்கிறது. அதே நூற்பாவில் ‘தாஅ னாட்டித் தனாது நிறுப்பே’ என்றொரு மதமும் உண்டு. தானே ஒன்றை நாட்டி, அதைத் தன்னுடையதாக நிறுவுதல்! வைத்தல், நிறுத்தல் என்ற கிரேக்கப் பொருள் முழுவதும் இந்த நான்கு சொற்களில் இருக்கிறது. கருதிக்கொண்டது கருதுகோள் என்றால், ஆய்ந்து நாட்டியது ‘ஆய்வுக்கோள்’. நூல் ஆய்வேடு, அது நிறுவும் கூற்று ஆய்வுக்கோள் என்று இரண்டையும் பிரித்து வழங்குவதே முறை என்பது என் கருத்து.

இந்தப் பிரிவினையால் விளையும் பயனைத் துறைதோறும் காணலாம். அறிவியலில் ஆய்வுக்கோள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். 1924இல் பாரிசில் லூயி டி பிராய் ஒப்படைத்த ஆய்வேட்டின் கோள், ஒளியைப் போலவே பருப்பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்பது. தேர்வாளர்களுள் ஒருவரான லாங்கெவின் அதன் படியை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். 1927இல் எலக்ட்ரான்களைக் கொண்டு செய்த சோதனைகள் அக்கோளை உறுதிப்படுத்தின. 1929இல் நோபல் பரிசு வந்தது. ஏது பின்னால் வந்தாலும் கோள் முன்னரே தெளிவாக நாட்டப்பட்டிருந்தது.

இலக்கியம், வரலாறு முதலிய துறைகளில் கோள் இவ்வளவு சுருங்குவதில்லை, ஆயினும் இருந்தாக வேண்டும். பர்மிங்காமில் சார்ச் தாம்சனின் நெறியாள்கையில் கைலாசபதி எழுதி 1968இல் நூலாக வெளிவந்த ஆய்வு, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, அவை பாணர்களின் வாய்மொழி மரபில் பிறந்தவை என்று நாட்டியது. அதைப் பின்வந்தோர் பலர் மறுத்தார்கள். மறுக்க முடிந்தது என்பதே அங்கே ஒரு கோள் இருந்தது என்பதற்குச் சான்று. இதற்கு மாறாக, நம் தமிழ்த்துறைகளில் ஒப்படைக்கப்படும் ஆய்வேடுகளில் ஓர் ஆசிரியர் பெயரையோ நூற்பெயரையோ எழுதி அதன்பின் ‘ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்புகளைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. உள்ளே எத்தனையோ உழைப்பு இருக்கும். ஊர் ஊராகச் சென்று திரட்டிய வழக்காறுகள் இருக்கும். ஆனால் அந்த மாணவரிடம் ‘நீ நாட்டுவது என்ன?’ என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆய்வேடு என்ற சொல் மட்டும் இருந்து ஆய்வுக்கோள் என்ற சொல் இல்லாமையும் இதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவதாகப் படைப்பெழுத்து. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922இல், ஆய்வுரைக்குப் பதிலாகப் படைப்பிலக்கியத்தையும் உயர்பட்டத்திற்கு ஏற்பதாக அறிவித்தது. எழுத்தாளர் பிளானரி ஓகானர் 1947இல் அங்கே தம் பட்டத்திற்கென ஒப்படைத்தது ஆறு சிறுகதைகள் கொண்ட தொகுதி. இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் 1970இல் இத்துறையில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. ஆங்கிலத்தில் இந்தக் கதைத் தொகுதியும் தீசிஸ்தான், ஏனெனில் அது தேர்வுக்காக வைக்கப்பட்டது. தமிழில் அதை ஆய்வேடு என்றால் பொருந்தாது; கதை எதையும் ஆய்ந்து நிறுவவில்லை. ‘படைப்பேடு’ என்பது இயல்பான சொல்லாக அமையும்; ஏடு என்ற பொதுப்பகுதி இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்தும் காட்டும்.

முனைவர் பட்ட நிலையில் பல நாடுகளில் படைப்பு மட்டும் போதாது. நாவலோ கவிதைத் தொகுதியோ ஒருபுறம் இருக்க, அதை எழுதியவரே தம் படைப்பின் வடிவத்தையும் மரபையும் சிக்கல்களையும் ஆராய்ந்து எழுதும் பகுதி ஒன்றும் உடன் ஒப்படைக்கப்படவேண்டும். இதற்குத் தமிழில் புதுச்சொல் தேடவேண்டியதில்லை. நூலாசிரியரே தம் நூலுக்கு உரை எழுதுவது நம்மிடம் 17ஆம் நூற்றாண்டிலேயே நன்கு நிலவியது. வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கத்திற்கும், சுப்பிரமணிய தீட்சிதர் பிரயோக விவேகத்திற்கும், சுவாமிநாத தேசிகர் இலக்கணக் கொத்துக்கும் தாமே உரை வகுத்தனர். படைப்பேட்டோடு சேரும் அப்பகுதியைத் ‘தன்னுரை’ எனலாம். ஆய்வுக்கோள் எதுவும் அந்தப் பட்டத்திற்கு வேண்டுமானால், அதை நாட்டும் இடம் கதையன்று, தன்னுரையே.