பனியில் நிற்கும் மரமும் மெலிந்த நெகட்டிவும்

ஜனவரி பிறந்தால் போதும், என் டார்க்ரூமுக்கு வரும் கறுப்பு வெள்ளை ரோல்களில் பெரும்பாலும் மரங்கள்தான் இருக்கும். டொரோண்டோவின் கிழக்கே ரூஜ் பள்ளத்தாக்கு, மேற்கே ஹை பார்க், நடுவில் யார் யார் வீட்டுக் கொல்லையிலோ நிற்கும் மேப்பிள். இலையெல்லாம் கொட்டிய மரத்தைப் பார்த்ததும் பிலிம் கமெராவை எடுக்கத் தோன்றுவது எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்த ரோல்களில் பலவும் ஒரே மாதிரி கெட்டுப்போய் வருவதுதான் வருத்தம்.

போன குளிர்காலத்தில் ஒரு தம்பி வந்தார். ரோலை டெவலப் செய்து, வெளிச்சமான இடம் கறுப்பாகவும் இருண்ட இடம் வெளுப்பாகவும் தெரியும் அந்த நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்தேன். குனிந்து பார்த்தவர், "அண்ணா, எல்லாம் ரொம்ப லேசா இருக்கே, கெமிக்கல் பழசா?" என்றார். ஓரத்தில் இருக்கும் பிரேம் எண்களைக் காட்டினேன். அவை நல்ல கறுப்பாக இருந்தன. டெவலப் செய்ததில் தவறு இருந்தால் அவையும் வெளுத்திருக்கும். படங்கள் மட்டும் வெளுத்திருக்கின்றன என்றால், பிலிமுக்கு வெளிச்சம் போதவில்லை என்று பொருள்.

காரணம், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். கமெராவில் இருக்கும் மீட்டருக்குத் தான் பார்ப்பது பனி என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடும். பனியைக் காட்டினால், "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைச் சுருக்கிவிடும். மேகமூட்டமான மதியம், 400 வேக பிலிம், பனியைப் பார்த்து மீட்டர் எஃப் 11 துவாரம், 1/500 நொடி என்று சொல்கிறது என்று வையுங்கள். அப்படியே எடுத்தால் பனி சாம்பலாகும். இரண்டு ஸ்டாப் கூட்டி (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி) 1/125 நொடி வைத்தால்தான் பனி பனியாக வரும்.

சாம்பல் பனியை பிரிண்ட் போடும்போது வெளுக்க வைத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். பனியைக் காப்பாற்றலாம், சரி. மரத்தை என்ன செய்வது? இரண்டு ஸ்டாப் குறைந்தால் முதலில் போவது அடிமரம்தான். மேப்பிளின் பட்டை நீளவாக்கில் வெடித்து, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த வெடிப்புக்குள் இருக்கும் நிழல் நெகட்டிவில் பதியவே இல்லை என்றால், நான் எந்தத் தாளில் எத்தனை முறை பிரிண்ட் போட்டாலும் கிடைப்பது ஒரு கறுப்புக் கம்பம். வெளிச்சம் கூடிப்போன நெகட்டிவில் நான் ஏதாவது செய்ய முடியும். குறைந்துபோனதில் இல்லாததை எங்கிருந்து கொண்டு வருவேன்?

அதனால் பனியை அளக்காதீர்கள், மரத்தை அளங்கள். அடிமரத்தின் இருண்ட பக்கத்துக்குக் கிட்டப் போய், பட்டை மட்டும் தெரியும்படி மீட்டர் பார்த்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறையுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் பிரிக்கும் ஸோன் முறையில், நிழலை மூன்றாம் ஸோனில் (இருண்டாலும் விவரம் தெரியும் படியில்) வைப்பது என்பது இதுதான். மரத்துக்குக் கிட்டப் போக முடியாவிட்டால் கையுறையைக் கழற்றி, அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நம் தோல் கறுப்பாக இருந்தாலும் உள்ளங்கை வெளுப்புத்தான், கணக்கு சரியாகவே வரும்.

வெயில் அடிக்கும் நாளில் பனிமேல் விழும் கிளை நிழல்கள் நீல வானத்தின் வெளிச்சத்தை வாங்கி நீலமாக இருக்கும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் அவை நன்றாக இருண்டு, பனிக்கு மேடு பள்ளம் வரும். சிவப்பு ஃபில்டர் எனக்குப் பிடிப்பதில்லை, நிழலைக் கரியாக்கிவிடுகிறது. பீச் (beech) மரம் கிடைத்தால் விடாதீர்கள். இளம் பீச் மரங்கள் காய்ந்த இலைகளைக் குளிர்காலம் முழுக்க உதிர்க்காமல் வைத்திருக்கும். இருண்ட காட்டுக்கு முன்னால் அந்த இலைகள் பழைய கடிதத் தாள்போல வெளிறித் தெரியும்.

இன்னொரு சேதம், பார்ப்பதற்கு மரம் மாதிரியே இருக்கும். ஒரு ரோலில் வானத்தில் மெல்லிய கிளைகள் ஓடின. நெகட்டிவில் கறுப்புக் கோடு, பிரிண்டில் வெள்ளைக் கோடு, நுனியில் இரண்டிரண்டாகப் பிரிந்து. லூப் என்ற சிறு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது கிளை அல்ல, நிலைமின்சாரம் பொறித்த தடம். குளிரில் காற்று வறண்டிருக்கும். பிலிமை வேகமாகச் சுற்றினால் உள்ளே பொறி பறக்கும். மெதுவாகச் சுற்றுங்கள், ரோல் முடிந்து திருப்பிச் சுற்றும்போது இன்னும் மெதுவாக. உறைகுளிரில் பிலிம் விறைத்தும் போயிருக்கும், வெடுக்கென்று இழுத்தால் ஓரத் துளைகள் கிழியும்.

பற்றரியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன், வெளியிலேயே கமெராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். திறந்தால் லென்ஸிலும் உள்ளேயும் வியர்த்துவிடும்.

உறைமழை பெய்த மறுநாள் ஒவ்வொரு சுள்ளியும் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பதுபோல மின்னும். ஆசை வரத்தான் செய்யும். 2013 டிசம்பரில் இந்த ஊரில் அப்படி வந்த ஐஸ் புயலில் முறிந்து விழுந்த கிளைகளுக்குக் கணக்கில்லை. மரத்துக்கு அடியில் நிற்காதீர்கள். தள்ளி நின்று நீள லென்ஸில் எடுங்கள்.

ரோலைக் கொடுக்கும்போது அதன்மேல் "வெயில்" அல்லது "மூட்டம்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள். மூட்டம் என்றால் டெவலப் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுவேன், வெயில் என்றால் குறைப்பேன். ஒரே ரோலில் இரண்டையும் கலந்து எடுத்திருந்தால், உங்களுக்கு எந்த மரம் முக்கியம் என்று எழுதுங்கள்.