புள்ளி தெரிந்தால் மட்டும் போதாது: சூப்பர்நோவா என்று எப்போது சொல்லலாம்?

சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பு ஏதாவது செய்தியில் வந்துவிட்டால் போதும், என் புலனத்துக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். அனுப்புகிறவர்களில் பலர் பினாங்கைச் சேர்ந்த படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள். மங்கலான ஒரு விண்மீன் திரள், அதன் ஓரத்தில் சிவப்பு வட்டம், கீழே "ஐயா, இது சூப்பர்நோவாவா?" இந்த ஆர்வத்தைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் நான் பதில் எழுதுவதற்குள் சில படங்கள் 'கண்டுபிடிப்பு' என்று முகநூலில் ஏறிவிடுகின்றன. தொலைதூர வெடிப்புகளின் நிறமாலையை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியை, பார்த்து வகை பிரிப்பது என் வேலை என்பதால், இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அதே திரளின் பழைய படத்தை எடுத்து ஒப்பிடுங்கள். அங்கேயும் அந்தப் புள்ளி இருந்தால், அது பெரும்பாலும் நம் பால்வீதியைச் சேர்ந்த, வழியில் நிற்கும் சாதாரண விண்மீன்தான். இல்லையென்றால், அரை மணி நேரம் கழித்து இன்னொரு படம். புள்ளி நகர்ந்திருந்தால் சிறுகோள். கேமராவைச் சற்றுத் திருப்பி எடுத்தும் படச்சட்டத்தில் அதே இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சென்சாரில்தான் கோளாறு. இத்தனையும் தாண்டி நின்றால், டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற தளத்தில் யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். 2016 முதல் உலகெங்கும் கண்டுபிடிப்புகள் அதிகாரபூர்வமாகப் பதிவாவது அங்கேதான்.

சரி, பதிவாகிவிட்டது. அப்போதும் அதற்கு 'ஏடி' (AT, வானில் புதிதாகத் தோன்றிய பொருள்) என்ற முன்னெழுத்துதான் கிடைக்கும். நிறமாலை எடுத்து உறுதி செய்த பிறகுதான் 'எஸ்என்' (SN, சூப்பர்நோவா) ஆகும்.

நிறமாலையில் நான் முதலில் தேடுவது ஹைட்ரஜன். இருந்தால் இரண்டாம் வகை, இல்லையென்றால் முதல் வகை. 1941-இல் வானியலாளர் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி வகுத்த பிரிவு இது, இன்றும் அப்படியே நிற்கிறது. முதல் வகைக்குள் அடுத்துப் பார்ப்பது சிலிக்கான். அதன் கோடு, அதாவது அது நிறமாலையில் விட்டுச்செல்லும் தடம், 635.5 நானோமீட்டரில் இருக்க வேண்டும். ஆனால் திரள் நம்மைவிட்டு விலகுவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவை (செம்பெயர்ச்சி) கழித்த பிறகும், 615 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு பள்ளமாகத்தான் தெரியும். வெடித்துச் சிதறிய பொருள் நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதால் ஏற்படும் நகர்வு அது. அந்தப் பள்ளம் ஆழமாகத் தெரிந்தால் 'ஐஏ' (Ia), அதாவது எரிபொருள் தீர்ந்த விண்மீனின் அடர்ந்த எச்சமான வெண்குள்ளன் வெடித்தது. சிலிக்கான் வலுவாக இல்லாமல் ஹீலியம் இருந்தால் 'ஐபி' (Ib). இரண்டும் இல்லையென்றால் 'ஐசி' (Ic). இவை மேலுறையை இழந்த கனமான விண்மீன்களின் முடிவு.

ஒரே நிறமாலையோடு கதை முடிந்துவிடாது. 1993-இல் எம்81 திரளில் தோன்றிய எஸ்என் 1993ஜே முதலில் ஹைட்ரஜனைக் காட்டியது. சில வாரங்களில் ஹீலியம் தலைதூக்க, 'ஐஐபி' (IIb) என்ற இடைப்பட்ட வகையில் சேர்ந்தது. அதனால்தான் நாங்கள் அவசரப்படுவதில்லை. பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுத்துவருகிறது என்ற முடிவே, கணித்துச் சொல்லக்கூடிய பிரகாசம் கொண்ட 'ஐஏ' வெடிப்புகளை வைத்துத் தூரம் அளந்து கிடைத்தது. 2011-இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. ஒரு 'ஐசி' அந்தப் பட்டியலில் தவறுதலாகப் புகுந்தால் தூரக் கணக்கே கெட்டுவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நமக்கு இது எட்டாது என்று ஒதுங்க வேண்டாம். 2023 மே 19 அன்று எம்101 திரளில் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப்-ஐக் கண்டவர் ஜப்பானின் கோயிச்சி இதாகாகி. அவர் ஓர் ஆர்வலர்தான். சுமார் 2 கோடி ஒளியாண்டு தூரத்தில் நடந்த அந்த வெடிப்பு, சில மணி நேரத்திலேயே இரண்டாம் வகை என்று தெரிந்தது. மே மாத இரவில் பினாங்கிலிருந்து அந்தத் திரள் வடக்கே ஏறக்குறைய 41 பாகை உயரம் வரை ஏறும். ஜார்ஜ்டவுன் வெளிச்சத்தில் சிரமம்தான். பந்தாய் ஆச்சே பக்கம் போனால் வானம் எவ்வளவோ தேவலை.

இன்னொன்று, மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். எம்101 திரளில் நடந்த அந்த வெடிப்பின் நேரத்தைக் கணிக்க, கண்டுபிடிப்புக்குச் சில மணி நேரம் முன்பு வேறு ஆர்வலர்கள் தற்செயலாக எடுத்திருந்த படங்கள்தான் உதவின. கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள். எனக்கு அனுப்பும்போது புலனத்தில் சுருங்கிப்போன படமாக அனுப்பாமல், எடுத்த நேரத்தோடு மூலக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.