அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே இல்லாம வேலை போச்சுன்னா என்னென்ன கேக்கலாம்

"நாளைலேர்ந்து வர வேணாம்"னு முதலாளி சொல்லிட்டாரு. கைல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்ல, பே ஸ்லிப் இல்ல, சம்பளம் பாதி பேங்க்ல பாதி கவர்ல. இந்த நிலைமைல முக்கால்வாசிப் பேரு, பேப்பரே இல்லையே எதை வச்சு கேக்குறதுன்னு அப்படியே விட்டுட்டு அடுத்த வேலை தேடப் போயிடுறாங்க. மேனேஜரும் சேர்ந்து "உன்கூட அக்ரிமென்ட்டே போடலையேப்பா, என்ன கேக்குற"ன்னு சொல்லி அனுப்பிடுவாரு. அந்தப் பேச்சை நம்பாதீங்க. 1872ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டப்படியே வாய்வார்த்தையா பேசிக்கிட்டதும் ஒப்பந்தம்தான். நீங்க வேலை பாத்தீங்க, அவரு சம்பளம் குடுத்தாரு, எத்தனை மணிக்கு வரணும் என்ன செய்யணும்னு அவருதான் சொன்னாரு, அது போதும். சொல்லப்போனா எழுத்துல எதுவும் இல்லாதது முதலாளிக்குத்தான் தலைவலி, ஏன்னா நீ ப்ரொபேஷன்ல இருந்த, பதினஞ்சு நாள் நோட்டீஸ் போதும்னு கையெழுத்துப் போட்டிருக்கன்னெல்லாம் காட்ட அவருகிட்டயும் ஒண்ணும் இருக்காது.

இன்னொண்ணு, 2025 நவம்பர் 21லேர்ந்து நாலு புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கு. அதுல தொழிலிடப் பாதுகாப்பு பத்தின தொகுப்பு, பத்து பேரு அதுக்கு மேல வேலை பாக்குற இடத்துல எல்லாருக்கும் நியமனக் கடிதம் குடுத்தே ஆகணும்னு சொல்லுது, ஏற்கனவே இல்லாம இருக்கறவங்களுக்கு அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும். அதனால ஆர்டர் இல்லைங்கறது உங்க தப்பு கிடையாது, குடுக்க வேண்டியவரு குடுக்கல. லேபர் ஆபீஸ்ல பேசும்போது பழைய 1947 தொழில் தகராறு சட்டத்துப் பேரையே இன்னும் நிறைய பேரு சொல்லுவாங்க, குழம்ப வேணாம், அதுல இருந்த விஷயம் பெரும்பாலும் இப்ப தொழில் உறவுகள் தொகுப்புக்குள்ள வந்திருச்சு.

இப்ப என்னென்ன வரணும்னு பாப்போம். மொதல்ல நிலுவைச் சம்பளம். நீக்கினாலும் சரி நீங்களா நின்னாலும் சரி, ரெண்டு வேலை நாளைக்குள்ள முழுசா செட்டில் பண்ணணும்னு ஊதியத் தொகுப்பு சொல்லுது, அடுத்த மாசம் பத்தாம் தேதி வா, அக்கவுன்டன்ட் லீவுங்கற கதையெல்லாம் செல்லாது. குடுக்கலன்னா மூணு வருஷம் வரைக்கும் கேட்டு மனு போடலாம், அதிகாரி பாக்கித் தொகையோட சேர்த்து அதுல பத்து மடங்கு வரைக்கும் இழப்பீடும் போடலாம். சம்பளத்தைக் குடுத்தாச்சுன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி, வாங்கலன்னு நீங்க நிரூபிக்கத் தேவையில்ல. ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல.

அடுத்து, ஆள் குறைப்பு. ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தா தொடர் பணின்னு கணக்கு, வாரச் சம்பளமோ தினக்கூலியோ பிரச்சினை இல்ல. அப்படிப்பட்ட தொழிலாளிய வியாபாரம் கம்மி, செலவைக் குறைக்கணும்னு அனுப்பினா ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதுக்கான சம்பளம், அதோட முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. புது தொகுப்புல இன்னொரு 15 நாள் சம்பளத்தை முதலாளி மறுதிறன் நிதின்னு (வேலை போனவங்க புதுத் திறமை கத்துக்கறதுக்கான நிதி) ஒண்ணுல கட்டணும், அது 45 நாளைக்குள்ள உங்க அக்கவுன்டுக்கு வரணும். அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பேசிக்கும் டிஏவும் (பஞ்சப்படி) சேர்த்து மாசம் 13,000, ஏழு வருஷ சர்வீஸ். நோட்டீஸ் சம்பளம் 13,000, ஆள் குறைப்பு இழப்பீடு பாதி மாசம்னு வச்சுக்கிட்டா 6,500 ஏழு தடவை அதாவது 45,500, கிராஜுவிட்டி 13,000ஐ 26ஆல வகுத்து 15ஆல பெருக்கினா 7,500, அது ஏழு வருஷத்துக்கு 52,500. மொத்தம் 1,11,000, நிலுவைச் சம்பளமும் மறுதிறன் பணமும் இதுல சேக்கல. "இந்தா பத்தாயிரம், சந்தோஷமா போ"ன்னு சொன்னா இந்தக் கணக்கு மனசுல இருக்கட்டும்.

தமிழ்நாட்டுல கடை, ஹோட்டல், ஆபீஸ், ஐடி கம்பெனின்னு வேலை பாக்குறவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, 1947 தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பாத்தவரை நியாயமான காரணம் இல்லாம நீக்கக் கூடாது, ஒரு மாச நோட்டீஸோ அதுக்குப் பதில் சம்பளமோ குடுக்கணும். ஒழுங்கீனம்னு சொல்லி நோட்டீஸ் இல்லாம அனுப்பணும்னா விசாரணை வச்சு ஆதாரத்தைப் பதிவு பண்ணியிருக்கணும். இதுக்கு மேல்முறையீடு போக டைம் ரொம்பக் கம்மி, 30 நாள்தான், அதனால யோசிச்சுட்டே இருக்காதீங்க. நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனா பேருக்கு "அசிஸ்டன்ட் மேனேஜர்"னு கார்டு அடிச்சுக் குடுத்துட்டா மட்டும் ஒருத்தர் நிர்வாகம் ஆயிட மாட்டாரு, தினம் என்ன வேலை பாத்தாருன்னுதான் பாப்பாங்க.

இதெல்லாம் சட்டத்துல இருக்கு சரி, நிஜமான சண்டை எங்க நடக்கும்னா "இவரு எங்ககிட்ட வேலையே பாக்கல"ன்னு முதலாளி சொல்ற இடத்துலதான். 240 நாள் வேலை பாத்தேன்னு காட்ட வேண்டிய பொறுப்பு முதல்ல தொழிலாளி மேலதான் இருக்கு, வெறும் அஃபிடவிட்ல நானே சொல்லிட்டா போதாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2002ல சொல்லிருச்சு. ஆனா 2005 நவம்பர்ல கர்நாடகத்துத் தினக்கூலி தொழிலாளி ஒருத்தரோட வழக்குல அதே கோர்ட், தினக்கூலிக்கு ஆர்டரும் பே ஸ்லிப்பும் இருக்காதுங்கறதை ஒத்துக்கிட்டு, அவரு சாட்சிக் கூண்டுல ஏறிச் சொல்லட்டும், வருகைப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லி நிர்வாகத்தைக் கேக்கட்டும்னு சொல்லிச்சு. அந்த வழக்குல அவரைக் காப்பாத்தினது இன்ன தேதிலேர்ந்து இன்ன தேதி வரைக்கும் வேலை பாத்தாருன்னு அதுக்கு முன்னாடியே ஒரு அதிகாரி எழுதிக் குடுத்திருந்த ஒத்தை சர்டிபிகேட்.

அந்த மாதிரித் துண்டுக் காகிதம் உங்ககிட்டயும் இருக்கும், தேடுனா கிடைக்கும். பேங்க் பாஸ்புக்ல சம்பளம் ஏறின வரி, ஜிபேல முதலாளி நம்பர்லேர்ந்து வந்த பணம், ஈஎஸ்ஐ கார்டு, பிஎஃப் கணக்கு நம்பர்ல (யுஏஎன்) கம்பெனி பேரு, யூனிஃபார்ம், ஐடி கார்டு, டெலிவரி சலான்ல உங்க கையெழுத்து, வேலை குரூப்ல "இன்னைக்கு ஷிப்ட் யாரு"ன்னு வந்த மெசேஜ். குரூப்லேர்ந்து தூக்கறதுக்கு முன்னாடியே சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி வேற எங்கயாவது அனுப்பி வச்சுருங்க, கோர்ட்ல வாட்ஸ்அப் மெசேஜைக் குடுக்கும்போது அதோட ஒரு சான்றிதழும் சேர்த்துக் குடுக்கணும், அதனால ஒரிஜினல் இருக்கற போனைப் பழசாயிருச்சுன்னு வித்துடாதீங்க. கூட வேலை பாத்தவங்க சாட்சி சொல்ல வருவாங்களான்னா, இன்னும் அங்கயே இருக்கறவங்க வர மாட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. முன்னாடியே நின்னு போனவங்களைப் பிடிங்க.

ரெண்டு பொறி இருக்கு, அதுல மட்டும் மாட்டிக்காதீங்க. ஒண்ணு, "நீயே ரிசைன் பண்ணிரு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லா தரேன்"ங்கறது. கையெழுத்துப் போட்ட நிமிஷம் அது நீக்கம் இல்ல ராஜினாமா, ஆள் குறைப்பு இழப்பீடு பறந்துரும். எந்தப் பாக்கியும் இல்லைன்னு எழுதின செட்டில்மென்ட் பேப்பரும் வெத்துப் பேப்பரும் இதே கதைதான், அடிச்சுக் கேட்டாலும் "வீட்ல காட்டிட்டு வரேன்"னு கிளம்பிருங்க. இன்னொண்ணு, வாயால போகச் சொல்லிட்டு பின்னாடி "அவரா வரல, ஓடிட்டாரு"ன்னு எழுதி வச்சுக்கறது. இதுக்கு மருந்து ஒரே ஒரு லெட்டர்தான். இன்ன தேதி வேலைக்கு வந்தேன், இன்னாரு உள்ள விடல, எழுத்துல எந்தக் காரணமும் குடுக்கல, நான் வேலைக்கு வரத் தயாரா இருக்கேன்னு நாலு வரி எழுதி, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட ஸ்பீட் போஸ்ட்ல அந்த வாரத்துக்குள்ளயே அனுப்புங்க. பழைய பதிவுத் தபால் 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேர்ந்துருச்சு, போஸ்ட் ஆபீஸ்ல அதையே கேளுங்க. ரசீதையும் காப்பியையும் பத்திரமா வைங்க. தமிழ்லயே எழுதலாம், வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கணும்னு அவசியமே இல்ல.

அதுக்கப்புறம் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை, சமரசம் பாக்குற உதவி ஆணையர் ஆபீஸ். மனு குடுத்தா ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவாங்க. நிறைய கேஸ் இங்கயே முடிஞ்சுரும், ஏன்னா அரசாங்கக் கடிதம் வீட்டு வாசலுக்கு வந்ததும் சில முதலாளிங்களுக்குத் திடீர்னு கணக்கு ஞாபகம் வந்துரும். 45 நாள் ஆகியும் முடியலன்னா நேரா தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், யார் பரிந்துரையும் தேவையில்ல. முன்னாடி நீக்கத்தை எதிர்த்துப் போக மூணு வருஷ அவகாசம் இருந்துச்சு, புது தொகுப்புல அதை ரெண்டு வருஷமா குறைச்சுட்டாங்க. பேங்க், ரயில்வே, சுரங்கம் மாதிரி மத்திய அரசு எல்லைக்குள்ள வர்ற வேலைன்னா, அங்க கான்ட்ராக்ட்ல இருந்தாலும், மத்திய தொழிலாளர் ஆணையர் ஆபீஸ், அவங்களோட ஆன்லைன் தளமான சமாதான் போர்ட்டல்லயே மனு போடலாம்.

ஈஎஸ்ஐ பிடிச்சிருந்தாங்கன்னா அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தையும் பாருங்க, வேலை போனவங்களுக்குச் சராசரி தினச் சம்பளத்துல பாதி, 90 நாள் வரைக்கும், வாழ்நாள்ல ஒரு தடவை. ஒழுங்கீனத்துக்காக நீக்கினதா இருந்தா கிடைக்காது, அதனாலயும் நீக்கின காரணம் என்னன்னு எழுத்துல கேட்டு வாங்குறது நல்லது.

எல்லாருக்கும் எல்லாமே கிடைக்கும்னு நான் சொல்ல வரல. மூணு மாசம் வேலை பாத்தவருக்கு நிலுவைச் சம்பளத்தைத் தாண்டி பெருசா எதுவும் தேறாது, வீட்டு வேலை பாக்குறவங்களுக்கு ஆள் குறைப்பு விதியெல்லாம் எட்டுறதே இல்ல, அது பெரிய அநியாயம். மேற்பார்வை வேலைல மாசம் 18,000க்கு மேல வாங்குறவங்க தொழில் உறவுகள் தொகுப்புல தொழிலாளிங்கற வரையறைக்குள்ள வர மாட்டாங்க, அவங்களுக்கு பிரிவு 41ஓ சிவில் கோர்ட்டோதான் வழி.

வக்கீலுக்குக் குடுக்கப் பணம் இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெரும்பாலும் மாவட்ட கோர்ட் வளாகத்துக்குள்ளயே இருக்கும். 1987 சட்டப்பணிகள் சட்டத்துல பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், தொழிற்சாலைத் தொழிலாளிங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவசமா வக்கீல் தரணும்னு இருக்கு, மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு. போன்ல கேக்கணும்னா 15100.