வேர்க்குரு

வேர்க்குருவில் இருக்கும் வேர், மரத்து வேருக்கு உறவில்லை. ‘வேர்த்துக் கொட்டுது’ என்கிறோமே, அந்த வேர். வியர் என்பதன் மருவிய வடிவம். பழந்தமிழில் வியர் என்றாலே வியர்வைதான். குரு என்றால் பரு, கொப்புளம். மலையாளத்தார் முகப்பருவை இன்றும் முகக்குரு என்கிறார்கள். நாம் இந்தச் சொல்லில் அதை விடாமல் வைத்திருக்கிறோம். வியர்க்குரு என்று எழுதினாலும் பிழையில்லை.

மருத்துவர் சீட்டில் எழுதும் ‘மிலியேரியா’ லத்தீன் வழி வந்தது. மிலியம் என்பது அங்கே ஒரு சிறுதானியம். நம் பனிவரகின் தாவரவியல் பெயரான பேனிகம் மிலியேசியத்திலும் அதே சொல் உண்டு. அவர்கள் பருவின் அளவைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம்மவர்கள் காரணத்தைப் பார்த்து. கட்டுரையில் ‘வெப்பத் தடிப்பு’ என்று புதிதாக மொழிபெயர்ப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி விளக்கெண்ணெய் தேய்ப்பவர்களும் வேர்க்குரு என்ற பெயரைக் கொஞ்சம் கவனிக்கலாம். வியர்வை நாளத்தின் வாய் அடைபட்டு, வெளியேற வழியில்லாத வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால்தான் சுருக்சுருக்கென்று குத்துகிறது. எண்ணெயும் களிம்பும் அந்த அடைப்பைக் கூட்டும்.

கடலோரத் தொண்டியிலும் கீழக்கரையிலும் சித்திரை வெயிலைவிடக் காற்றின் ஈரம்தான் வில்லன். வேர்வை காயவே காயாது. கழுத்து மடிப்பு, இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம், தொட்டிலில் மல்லாந்தே கிடக்கும் பிள்ளையின் முதுகு, இங்கேதான் முதலில் சிவந்து பொரியும். நுங்கைக் கோதும்போது வழியும் தண்ணீரை அப்படியே முதுகில் தடவிவிடுவது பனங்காட்டு வழக்கம். குளிர்ச்சியாக இருக்கும், தடவலாம். நுங்கு குணமாக்கியது என்பதைவிட, குளிர்ந்ததால் வேர்வை நின்றது என்பதே சரி. பச்சைத் தண்ணீர்க் குளியல், தொளதொள பருத்திச் சட்டை, காற்றாடி, அரிப்புக்குக் கலமைன் லோஷன். இவ்வளவு போதும், சில நாளில் தானே அடங்கிவிடும். பவுடரை வேர்வையோடு அப்பினால் சேறாகி ஒட்டும். கைக்குழந்தைக்கு அந்தத் தூசி மூச்சிலும் ஏறும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாம்பன், மண்டபம் பக்கம் சொறி என்றால் கடலில் மிதக்கும் சொறிமீன், அதாவது ஜெல்லிமீன். அது பட்டால் சாட்டையடி போலக் கோடுகோடாகத் தடித்து எரியும். அது கொட்டுக் காயம், வேர்க்குரு வைத்தியம் அதற்கு ஆகாது. வேர்க்குருவே சீழ் பிடித்தாலோ, வலித்தாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ நுங்கை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.