சுங்கமும் குடிவரவும்

எங்கள் ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். கப்பலில் திரும்பி வந்த கதையைச் சொல்லும்போது, “கஸ்டம்ஸ்ல பேரு கேட்டாக, கஸ்டம்ஸ்ல பெட்டியக் கொட்டிப் பாத்தாக” என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவார். பார்த்து முடித்த தகரப்பெட்டியின் மூடியில் சாக்பீஸால் ஒரு குறி போட்டார்களாம். அந்தக் குறி இருந்தால்தான் வெளியே விடுவார்கள்.

ஆனால் துறைமுகத்தில் நடப்பது இரண்டு வேலை. ஆளைச் சோதிப்பது ஒன்று, பொருளைச் சோதிப்பது இன்னொன்று.

பொருளுக்கு உரியது சுங்கம். வடமொழி ‘சுல்கம்’ பிராகிருதத்தில் ‘சுங்க’ என்று திரிந்து நம்மிடம் வந்தது. முதல் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர். தமிழில் அதற்கும் முந்திய சொல் உல்கு. அரசனுக்கு வரும் செல்வங்களில் ‘உல்கு பொருள்’ ஒன்று என்கிறது 756ஆம் குறள். பரிமேலழகர் அதற்குச் சுங்கம் என்றே உரை சொல்லி, கலத்திலும் காலிலும் வரும் பண்டங்களுக்கான இறை, அதாவது வரி, என்று விளக்குகிறார். உல்கும் சுல்கத்திலிருந்து வந்ததுதான் என்பாரும் உண்டு. இருக்கட்டும், இரண்டாயிரம் ஆண்டுப் புழக்கம் அதற்கு இருக்கிறதே!

காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறக்கிய மூட்டைகளுக்கும் ஏற்றப்போகும் மூட்டைகளுக்கும் உல்கு வாங்கிக்கொண்டு புலி முத்திரை குத்தினார்கள் என்கிறது பட்டினப்பாலை. செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் ஊர் அது. ஐயாவின் பெட்டியில் விழுந்த சாக்பீஸ் குறியும் அந்தப் புலியின் வேலையைத்தான் செய்தது.

சரி, ஆளைச் சோதிப்பதற்கு என்ன சொல்? இங்கே பத்திரிகைகள் ‘குடியேற்றம்’ என்று எழுதுகின்றன. நாலு நாள் உறவினர் வீட்டுக்குப் போகிறவர் குடியேறவா போகிறார்? அந்தச் சொல் இதற்குப் பொருந்தவே இல்லை. சிங்கப்பூரில் ‘குடிநுழைவு’ என்கிறார்கள், இலங்கையில் ‘குடிவரவு, குடியகல்வு’. எனக்கு இலங்கைச் சொல்தான் பிடிக்கிறது. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் சோடியாக நிற்கிறது. வரவு என்றதும் செட்டிநாட்டுக் காதுக்குக் கணக்குப் பேரேடும் நினைவுக்கு வரும்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய கப்பலுக்கு நம் மாவட்டத்தின் பெயர்தான்: சிவகங்கை. அதில் போய் அக்கரையில் இறங்கினால், பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்துகிற இடம் குடிவரவு. அப்புறம் பெட்டியைத் திறக்கச் சொல்கிற இடம் சுங்கம்.