கவுண்டரில் கொடுத்த நம்பர் யாருடையது?

நோயாளிகளின் தகவல் கசிந்தது என்றாலே பலருக்கும் ஹேக்கர்தான் நினைவுக்கு வருகிறான். அதுவும் நடக்கிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டபோது பல நாள் எல்லாவற்றையும் கையால்தான் எழுதினார்கள். ஆனால் என் அனுபவத்தில் தகவல் கசிவது பெரும்பாலும் பதிவு கவுண்டரில்தான்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனை. கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்கு முன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒரு பெண் வந்திருந்தார். கூட வந்த கொழுந்தன், கவுண்டரில் கேட்டதும் தன் நம்பரைச் சொல்லிவிட்டார். ரிப்போர்ட் ரெடியானதும் பதிவான நம்பருக்கு வாட்ஸ்அப்பில் தானாகவே போய்விடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி பாசிட்டிவ். நான் அந்தப் பெண்ணிடம் பேசுவதற்கு முன்பே வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் வந்து உட்கார்ந்தவர் கேட்டார்: "எனக்கு மட்டும் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டாங்க டாக்டர். அப்படி என்ன வந்திருக்கு எனக்கு?"

சேர்ந்து சாப்பிடுவதால் இந்தக் கிருமி பரவாது. வீட்டில் இருப்பவர்களுக்கு ரத்தம் பார்த்துத் தடுப்பூசி போடலாம். இதை அவரிடம் முதலில் சொல்லியிருந்தால், வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது என்று அவரே முடிவெடுத்திருப்பார். அதை நாங்கள்தான் கெடுத்தோம்.

எச்ஐவி நிலையைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம். சட்டம் இருந்தும், பத்து இலக்கம் தப்பாகப் பதிவானால் ரிப்போர்ட் தப்பான கைக்குத்தான் போகும். அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாளமான 14 இலக்க ஆபா எண்ணிலும் இதே கவனம் வேண்டும். முகாமில் வேறொருவர் போன் நம்பரை வைத்து எடுத்திருந்தால், அந்த நம்பருக்கு வரும் ஓடிபியும் அவர் கையில்தான்.

அதனால் கவுண்டரில் உங்கள் சொந்த நம்பரையே கொடுங்கள். பழைய நம்பர் கிடந்தால் மாற்றச் சொல்லுங்கள். தனக்கென்று போன் இல்லாதவர்கள், "வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் பதிவுத் திரையில் ஒரு கட்டம் சேர்க்க வைத்தோம்: 'இந்த நம்பர் யாருடையது?' நோயாளியுடையது இல்லையென்றால் ரிப்போர்ட் தானாகப் போகாது. அந்தப் பெண்ணும் அதன் பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தானே வந்து ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் போனார்.