பேக் செய்வதா, சுடுவதா?

கடைக்குத் தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் நடந்தால் சில பேக்கரிப் பலகைகளில் 'அடுமனை' என்ற சொல்லைப் பார்க்கலாம். வீட்டில் மாவு பிசைந்து பிரட் செய்கிறவருக்குத்தான் இன்னும் வினைச்சொல் அமையவில்லை. அடுமனையிலிருந்து வினையைப் பிரித்து 'நேத்து ஒரு பிரட் அட்டேன்' என்றால் யாருக்கும் புரியாது. 'பேக் பண்ணேன்' என்கிறோம். எழுத்தில் அதுவும் சிக்கல்தான். பேக் பண்ணியாச்சு என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், ஊருக்குப் போகப் பெட்டி கட்டியாச்சா, கேக் தயாரா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

பேக் என்பது ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் 'பாகன்', ஜெர்மனில் 'பாக்கன்'. தண்ணீரில் போடாமல், தீ நேராகப் படாமல், மூடிய இடத்தின் உலர்ந்த சூட்டில் ஒன்றை வேகவிடுவது என்று பொருள். 'பேட்ச்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ஒரு முறை அடுப்பில் ஏற்றி இறக்கும் ரொட்டிகளின் தொகுதிதான் முதலில் பேட்ச். பள்ளியில் 'எங்க பேட்ச்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாரும் ஒரே அடுப்பில் வெந்து வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது 'அடு'. அடுப்பு, சமையலறையைக் குறிக்கும் அட்டில், சோற்றைக் குறிக்கும் அடிசில் எல்லாம் இந்த வேரின் பிள்ளைகள். புறநானூற்றில் சமைக்கும் பெண்ணுக்கு 'அடுமகள்' என்று பெயர். ஆக, அடுமனை என்றால் சமைக்கும் வீடு. சொல் அழகானது, பழமையானது. ஆனால் அதில் பிரட்டுக்கென்று தனியாக எதுவும் இல்லை. இட்லிக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் அந்தப் பலகை பொருந்தும்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அடு என்பது ஈரத்தோடு சேர்ந்தே பல இடங்களில் வருகிறது. வள்ளுவர் 'தெண்ணீர் அடுபுற்கை' என்கிறார். தெளிந்த நீர்போல் காய்ச்சிய கூழ். தங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது அதே வள்ளுவர் 'சுடச்சுடரும் பொன்' என்று வேறு வினைக்குப் போகிறார். இரண்டையும் ஒரே வெண்பாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் ஒளவையார். பள்ளியில் எல்லாரும் மனப்பாடம் செய்த மூதுரைப் பாட்டுதான். 'அட்டாலும் பால்சுவையிற் குன்றாது' என்று தொடங்கி, 'சங்கு சுட்டாலும் வெண்மை தரும்' என்று முடியும். பாலை அடுகிறார்கள், சங்கைச் சுடுகிறார்கள். பால் பானைக்குள் கொதிக்கும். சங்கு உலர்ந்த தீயில் வெந்து நீறாகும். அடு என்பது எல்லாச் சமையலுக்கும் பொதுவாகவும் வரும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் பேக்கிங்குக்கு நெருங்கிய உறவு யார் என்று கேட்டால் சங்கின் பக்கம்தான் கை நீளும்.

சுடு என்ற சொல் அகராதிக்குள் தூங்குகிற சொல்லும் இல்லை. அப்பளம் சுடுகிறோம், சோளக்கருது சுடுகிறோம், பணியாரம் சுடுகிறோம். செங்கல்லையும் மண்பானையையும் சூளையில் சுடுகிறார்கள். புரசைவாக்கத்தை ஒட்டிய சூளை என்ற பகுதியின் பெயரே அந்தத் தொழிலைச் சொல்கிறது. சரி, பாட்டி வடை சுட்டாளே, எண்ணெயில் போட்டதும் சுடுவதா என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் சமையற்கலைப் பாடத்தில் எண்ணெயில் பொரிப்பதையும் உலர்வெப்பச் சமையலில்தான் சேர்க்கிறார்கள். எண்ணெயில் தண்ணீர் இல்லை, அது நூறு டிகிரியோடு நிற்பதும் இல்லை. பாடப்புத்தகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பாட்டி சரியான வினையைப் பிடித்துவிட்டாள்.

பிரட் துண்டை நெய் தடவித் தோசைக்கல்லில் போடுவதற்கு நாம் சுடு என்று சொல்வதில்லை, 'வாட்டு' என்கிறோம். பேக் வேறு, டோஸ்ட் வேறு என்ற வித்தியாசத்தைத் தமிழ்ச் சமையலறை பேச்சிலேயே பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறது.

அப்புறம் ஏன் கடைக்காரர்கள் 'சுடுமனை' என்று வைத்துக்கொள்ளவில்லை? காரணம் சொல்லவே வேண்டாம். சுடுகாடு நினைவுக்கு வந்தபிறகு யார் உள்ளே போய் கிரீம் பன் கேட்பார்கள்? மெட்ராஸ் பாஷையில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 'சுட்டுட்டான்' என்றால் திருடிவிட்டான். 'பன் சுட்டேன்' என்று எங்கள் தெருவில் சொன்னால், எந்தக் கடையில் என்றுதான் அடுத்த கேள்வி வரும். பலகைக்கு அடுமனையே இருக்கட்டும். வீட்டுக்குள் இந்தத் தொல்லை கிடையாது. சனிக்கிழமை ராத்திரி மைதா பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஞாயிறு காலை ஒருவர் காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பும் நேரத்தில் இன்னொருவர் அந்த மாவை வெளியே எடுக்கிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு ஆமை, மீன் என்று உருட்டுகிறார்கள். வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆயா கேட்பது, 'இன்னாடா, காலங்காத்தால இன்னாத்த சுட்டுனு கீற?' கேள்வியிலேயே வினைச்சொல் இருக்கிறது.

ஈழத்தில் வேறு வழியில் போனார்கள். பேக்கரி அங்கே வெதுப்பகம். 'வெதுப்பு' என்றால் சூடேற்றுவது, இலேசாக வாட்டுவது. அவர்கள் வாயில் அது நன்றாக வேர்பிடித்த சொல். குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் சென்னைக் காதுக்கு வெதுவெதுப்பு என்றால் குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர். இருநூறு டிகிரி சூட்டுக்கு அது போதாது. என் கணக்கில் வெதுவெதுப்பின் சரியான இடம் ஈஸ்ட் கரைக்கும் தண்ணீர்தான். கை பொறுக்கும் சூடு இருந்தால் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். அறுபது டிகிரி செல்சியஸை நெருங்கினால் செத்துவிடும்.

பிரட்டுக்குப் பெயர் என்ன என்பது தனிக்கதை. வீட்டுப் பெரியவர்கள் ரொட்டி என்பார்கள். வடக்கிலிருந்து வந்த சொல் அது. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற தமிழ் மரபுப்படி, ராமன் இராமன் ஆவதுபோல அதுவும் உரொட்டி ஆகும். ஆனால் இன்று உணவகத்தில் ரொட்டி கேட்டால் தந்தூரி ரொட்டிதான் தட்டுக்கு வரும். போர்த்துகீசியரின் 'பாவ்ங்' இலங்கையில் பாண் ஆனது, மும்பையில் பாவ் ஆனது. அவர்களிடமிருந்து ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட நம் பேச்சு, மேசைமேல் வைக்கும் பாணை மட்டும் இலங்கைக்கு விட்டுக்கொடுத்தது. இப்போது அதே சொல் மும்பை வழியாகச் சுற்றிக்கொண்டு, சௌகார்பேட்டையில் பாவ் பாஜியாகக் கிடைக்கிறது.

ராயபுரத்துத் தேவாலயங்களில் கேட்டால் இன்னொரு பெயர் கிடைக்கும். தமிழ் பைபிளில் பிரட் என்பது அப்பம். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் என்றால் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் அந்த அப்பம் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடும் அப்பம் இல்லை என்பதை ஞாயிறு பள்ளியில் யாராவது சொல்லித்தர வேண்டும். அதே பைபிளில் எனக்குப் பிடித்த சொல் 'புளித்தமா'. முதல் நாள் மாவில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த மாவில் சேர்க்கும் புளிப்பு அது. சவர்டோ என்று இன்று கடைகளில் அதிக விலைக்கு விற்பது இந்தப் புளித்தமாவில் செய்த பிரட்தான். இட்லி மாவு அரைக்கும் ஊருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மாவு பொங்கிடுச்சு, புளிச்சிடுச்சு என்ற சொற்களே இதற்கும் போதும்.

எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு பிரட் என்றாலே காய்ச்சல்தான். டாக்டர் பாலும் பிரட்டும் மட்டும் கொடுக்கச் சொன்னால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அந்தப் பண்டம்தான் இன்று நெத்திலிக் குழம்பில் தோய்ந்து விடுமுறை நாளின் விருந்தாகியிருக்கிறது. அரை கிலோ மைதா, முந்நூறு மில்லி தண்ணீர், பத்து கிராம் உப்பு, ஐந்து கிராம் உலர்ந்த ஈஸ்ட். சென்னை வெயிலில் வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகப் பொங்கிவிடும், ஆகவே ராத்திரி ஃபிரிட்ஜ்தான் நல்லது. ஓவன் இல்லாத வீட்டில் குக்கரின் அடியில் உப்போ மணலோ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஸ்டாண்ட் வைத்துச் சுடுகிறார்கள். தண்ணீர் ஊற்றிச் சமைக்கும் பாத்திரத்தைத் தண்ணீரே இல்லாத அடுப்பாக மாற்றுவது இந்த ஏற்பாடு.

ஓவனுக்குள் நடப்பதைப் பார்த்தால் ஒளவையாரின் இரண்டு வினைகளும் ஒரே பிரட்டில் வேலை செய்கின்றன. வெளியே இருநூறு டிகிரி இருந்தாலும், உள்ளே ஈரம் இருக்கும்வரை பிரட்டின் நடுப்பகுதி நூறு டிகிரியைத் தாண்டாது. அங்கே மாவு தன் சொந்தத் தண்ணீரிலேயே வேகிறது. தொண்ணூற்றைந்து டிகிரிக்கு வந்துவிட்டால் உள்பக்கம் தயார். மேற்பரப்பில் ஈரம் வற்றி, சூடு நூற்று நாற்பதுக்கு மேல் ஏறும்போது மாவின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறமும் அந்த வாசனையும் பிறக்கின்றன. 1912ல் இந்த வேதிவினையை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மய்யார் பெயரால்தான் இது அழைக்கப்படுகிறது. உள்ளே அட்டது, வெளியே சுட்டது. நெருப்பு பார்த்த ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு மெத்தென்ற நடுவை மட்டும் தின்னும் பிள்ளைகள், பிரட்டின் சுட்ட பகுதியைத்தான் ஒதுக்குகிறார்கள்.

மிச்சம் இருப்பது ஓவன். யாழ்ப்பாணத்தில் பாண் சுடும் பெரிய அடுப்புக்குப் போறணை என்று பெயர். அதுவும் போர்த்துகீசிய 'ஃபோர்னு'விலிருந்து வந்ததுதான். கேட்க நன்றாக இருக்கிறது, விறகு எரியும் செங்கல் அடுப்புக்கு இங்கேயும் பொருந்தும். அலமாரிமேல் உட்கார்ந்திருக்கும் கரண்ட் பெட்டியைப் போறணை என்று ஆயாவிடம் சொல்லிப் பார்க்கலாம். நான் இன்னும் ஓவன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.